தல்மூத்துக்குக் கடைசி வடிவம் கொடுத்தவர்கள் யார்?

யூதர்களின் சட்ட விவாத நூலான பாபிலோனியத் தல்மூத்தை முடித்தது ரவ் ஆஷி, ரவினா என்ற இரண்டு அறிஞர்கள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பங்கு பெரிது, சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களோடு நிறுத்திக்கொண்டால் அடுத்து வந்த சவோராயிம் என்ற அறிஞர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கி.பி. 200 வாக்கில் யூதா ஹனாசி மிஷ்னா என்ற யூதச் சட்டநூலைத் தொகுத்தார். அதன்மேல் சூரா, பும்பெதித்தா போன்ற ஊர்களில், அதாவது இன்றைய ஈராக்கில், அமோராயிம் என்ற அறிஞர்கள் சுமார் 300 ஆண்டுகள் வாதாடினார்கள்; அந்த வாதங்கள்தான் தல்மூத்தில் இருக்கின்றன. சூராவின் தலைவர் ரவ் ஆஷி இறந்தது 427-இல். சட்டத் தீர்ப்புக்கு ரவ் ஆஷியும் ரவினாவுமே முடிவு என்று தல்மூத்திலேயே ஒரு வரி இருப்பதால் பலரும் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் 987-இல் பும்பெதித்தா கல்விச்சாலையின் தலைவர் ஷெரிரா காவோன், வட ஆப்பிரிக்காவின் கைரவான் நகரத்து யூதர்கள் கேட்ட கேள்விக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ரவ் ஆஷிக்கும் ரவினாவுக்கும் பின்னால் வந்த சவோராயிமும் தல்மூத்தில் விளக்கங்கள் சேர்த்தார்கள் என்று அதில் தெளிவாகச் சொல்கிறார். உதாரணமாக, திருமணச் சட்டம் பேசும் கிதுஷீன் பகுதியின் தொடக்கமே அவர்கள் கைவேலையாம். அதைப் படித்துப் பாருங்கள்: மிஷ்னா ஏன் இந்தச் சொல்லை இங்கே போட்டது, வேறு இடத்தில் ஏன் மாற்றியது, மணமுடிக்க மூன்று வழி என்று எண்ணிக்கை ஏன் சொன்னது என்று வரிசையாகக் கேள்விகள், பலவற்றுக்கு வேத வசனத்திலிருந்து பதில். அவ்வளவு நுணுக்கம், ஆனால் கேட்டவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

என்னை உலுக்கியது இதுதான். இன்னார் சொன்னதை இன்னார் பெயரில் சொல்கிறவர் உலகத்துக்கு மீட்பைக் கொண்டுவருகிறார் என்று மெகிலா பகுதியில் போதிக்கிற நூல் இது, பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள்! அதைக் கோத்துக் கொடுத்தவர்களோ தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ரவ் யோசே போன்ற சில பெயர்கள் நமக்குத் தெரிவதற்கும் ஷெரிராவின் கடிதம் ஒரு முக்கியக் காரணம்.

பெயரில்லாத பகுதி எல்லாமே சவோராயிம் எழுதியதா என்றால், அதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டையே உண்டு. டேவிட் வைஸ் ஹலிவ்னி அந்தப் பகுதிகளை எழுதியவர்களுக்கு 'ஸ்தம்மாயிம்', அதாவது பெயரில்லாதவர்கள், என்று தனிப் பெயரே வைத்தார். நீங்கள் மொழிபெயர்ப்பில் படிப்பவரானால் கிதுஷீன் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.