டைட்டானியம் ஆக்சைடு நானோடியூப் கார்பன் டியூப் அளவுக்கு ஸ்ட்ராங்கா? கரண்ட் கடத்துமா?

கார்பன் டியூபோட ஒப்பிட்டா ரெண்டுக்குமே இல்லைன்னு தான் சொல்லணும், அதுக்காக இதை மட்டமா நினைச்சிடாதீங்க. எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல ஆறு மாசம் நான் இதோட தான் கிடந்தேன்.

டைட்டானியம் தகடை எத்திலீன் கிளைக்கால்ல விட்டு, கொஞ்சம் அமோனியம் ஃப்ளோரைடு, கொஞ்சம் தண்ணி சேர்த்து 60 வோல்ட் குடுப்போம், சில மணி நேரத்துல தகடு மேல தேன்கூடு மாதிரி குழாய் குழாயா நிக்கும், ஒவ்வொண்ணும் சுமார் 100 நானோமீட்டர் அகலம். வோல்டேஜ் ஏத்தினா அகலமும் ஏறும்.

ஆனா அப்போ எடுத்த டியூப்ல அணுக்கள் ஒழுங்கா அடுக்கி இருக்காது, கரண்ட் போறதே பெரும்பாடு. அதையே 450 டிகிரில ஃபர்னஸ்ல வச்சு எடுத்தா அனடேஸ்ங்கற டைட்டானியம் ஆக்சைடு கிரிஸ்டலா மாறிடும், ஆக்சிஜன் இல்லாம காலியா இருக்கற இடங்கள் எலக்ட்ரானை விட்டுக்குடுக்கறதால n-டைப் செமிகண்டக்டர் ஆயிடும், அதாவது எலக்ட்ரானே கரண்டைத் தூக்கிட்டுப் போகும். பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரான் விடுபட்டு ஓடறதுக்குத் தாண்ட வேண்டிய எனர்ஜி இடைவெளி, 3.2 எலக்ட்ரான் வோல்ட். இன்னும் சூடு ஏத்தினா ரூட்டைல்ங்கற இன்னொரு கிரிஸ்டல் வடிவமா மாற ஆரம்பிச்சு குழாயே இடிஞ்சு போகும். அப்புறம் இதோட ரெசிஸ்டன்ஸ் சுத்தி இருக்கற வாயுவைப் பொறுத்து மாறும், ஏன்னா சுவர் அவ்வளவு மெல்லிசு, ஹைட்ரஜன் வந்து ஒட்டினாலே எலக்ட்ரான் கணக்கு மாறிடுது. 2003லயே அமெரிக்காவுல பென் ஸ்டேட்ல க்ரைம்ஸ் குழு இதை வச்சு ஹைட்ரஜன் சென்சார் பண்ணிக் காட்டினாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இது தான்.

பலத்துக்கு வருவோம். என் முதல் சாம்பிளை தண்ணில கழுவி அப்படியே காய வச்சேன், காலைல வந்து பார்த்தா படலம் முழுக்க வெடிச்சு செதில் செதிலா உரிஞ்சு கிடந்துச்சு, அழுகையே வந்துடுச்சு. தண்ணி காயும்போது அதோட பரப்பு இழுவிசை டியூப் நுனிகளை ஒண்ணோட ஒண்ணு இழுத்துக் கட்டிடுது. கடைசி அலசலை எத்தனால்ல பண்ண ஆரம்பிச்ச பிறகு நிறைய சாம்பிள் தப்பிச்சுது. நானோஇண்டெண்டேஷன்ல, அதாவது நுண்ணிய ஊசியால அழுத்திப் பார்க்கற சோதனைல, யங்ஸ் மாடுலஸ் (பொருள் எவ்வளவு விறைப்புன்னு சொல்ற அளவு) 36லேர்ந்து 43 ஜிகாபாஸ்கல்னு அளந்திருக்காங்க, கார்பன் டியூபுக்கு அது 1000 கிட்ட. நம்ம டைட்டானியம் ஆக்சைடு படலத்துல பாதி வெறும் காலி இடம், ஊசி அழுத்தினா டியூப் நொறுங்கி அடியில அமுங்கும். ஆனா பாருங்க, டைட்டானியத்துக்கு 110, எலும்புக்கு 10லேர்ந்து 30, இது எலும்புக்கு கிட்ட வருது, இம்பிளாண்ட் ஆளுங்க இதை விடாம பிடிச்சிருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். அவங்களுக்குத் தலைவலி டியூபும் தகடும் சேர்ற அந்த அடிப்பகுதி தான், உரியறது அங்க தான்.

நீங்க பேப்பர் படிக்கும்போது ரிசல்ட்டுக்கு முன்னாடி ஃபர்னஸ் டெம்பரேச்சர் என்னன்னு பாருங்க, அது வேறன்னா ரெண்டு பேப்பரோட நம்பரை ஒப்பிடவே முடியாது.