கிளிப்பில் ஒட்டிய பூ ஏன் கழல்கிறது, கட்டிய டெபாசிட் ஏன் திரும்பாது

கேள்வி: வீட்டிலிருந்தே ஹேர் கிளிப் செய்து தரும் வேலை என்று 4,500 ரூபாய் டெபாசிட் கட்டி ஒரு கிட் வாங்கினேன். பட்டன், லேஸ், சாட்டின் ரிப்பன், வெறும் கிளிப்புகள், ஒரு குளூ கன் கொடுத்தார்கள். இரண்டு நாள் கெடுவில் 200 கிளிப் செய்து கொடுத்தேன். ஒட்டியது நிற்கவில்லை என்று ஏஜென்ட் எல்லாவற்றையும் திருப்பிவிட்டார். 900 ரூபாய்க்கு வேறு பசை தருகிறேன் என்கிறார். தனியாக ஆன்லைனில் விற்க வேண்டுமானால் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, ஜி.எஸ்.டி. இரண்டும் கட்டாயம், 3,000 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருவாராம். எந்தப் பசை நல்லது? பணம் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, கொடுக்காதீர்கள். 900-மும் வேண்டாம், 3,000-மும் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பசைக்கு வர வேண்டும்.

குளூ கன்னில் வரும் பசை சூடாக இருக்கும்போதுதான் பரப்பைக் கவ்வும். வழவழப்பான உலோகக் கிளிப்பில் பட்டதும் சட்டென்று ஆறி, மேலே ஒரு தோல் போல உட்கார்ந்துவிடும். நகத்தால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும், செய்து பாருங்கள். போதாக்குறைக்கு நம் ஊர்த் தலையில் தேங்காய் எண்ணெய். எண்ணெய் ஓரமாக இறங்கினால் பிடிப்பு விட்டுப் போகும். வெயிலில் நிற்கும் வண்டியில் கிளிப்பை வைத்தால் பசையே இளகிவிடும். ஆக, தப்பு உங்கள் கையில் இல்லை. வெறும் உலோகத்தின் மேல் சூட்டுப் பசை என்பதே நிற்காத வேலை.

சரி, ஃபெவிக்விக் போட்டால்? வேண்டாம். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும், கிளிப்பை நாலு தடவை அழுத்தினால் உடையும். கறுப்பு ரிப்பனில் வெள்ளையாகப் பூத்தும் போகும். இன்னொன்று, அந்த வகைப் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ நிறையக் கொட்டினால் சுள்ளென்று சூடாகி விரலைச் சுட்டுவிடும். நகை ஒட்டும் டியூப் பசை தேவலாம். வளைந்து கொடுக்கும், உலோகத்தையும் பிடிக்கும். ஆனால் முழுசாகக் காய ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். உங்கள் ஏஜென்ட் கொடுத்த கெடு இரண்டு நாள். கணக்கு புரிகிறதா?

நான் சொல்வது, பசையை நம்பாதீர்கள், தையலை நம்புங்கள். கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு ஃபெல்ட் துணித் துண்டு வெட்டுங்கள். மேல் துண்டில் பட்டனை, லேஸை, ரிப்பன் பூவை இரட்டை நூலில் தைத்து, முடிச்சைப் பின்பக்கம் விடுங்கள். கீழ்த் துண்டின் ஒரு ஓரத்தில் கிளிப்பின் அகலத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். அலிகேட்டர் கிளிப்பின், அதாவது முதலை வாய் போலத் திறக்கும் நீள கிளிப்பின், மேல் கை அந்தக் கீறல் வழியாக நுழைந்து இரண்டு துண்டுக்கும் நடுவில் படுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இரண்டு துண்டையும் சுற்றிலும் ஓரம் சேர்த்துத் தைத்துவிட்டால் கிளிப் உள்ளே மாட்டிக்கொள்ளும். பசை ஒரு சொட்டு, அது நகராமல் இருக்க மட்டும். ஃபெல்ட் முடியைப் பிடிப்பதால் மெல்லிய முடியிலும் கிளிப் வழுக்காது. பட்டன் வாங்கும்போது தட்டையாக நாலு ஓட்டை உள்ளதாகப் பாருங்கள். பின்னால் காம்பு வைத்த பட்டன் ஃபெல்ட்டில் படியாமல் ஆடும்.

ரிப்பன் ஓரம் பிரிகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அடுத்த புகாராக வரும். பாலியஸ்டர் ரிப்பனின் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடருக்கு அருகில் காட்டினால் இளகி அடைத்துக்கொள்ளும். முதலில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள். உருகிக் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி அல்லது ரேயான், அதைச் சுடரில் காட்டினால் கருகத்தான் செய்யும், மடித்துத் தையுங்கள். கைக்குழந்தைக்கு என்று யாராவது கேட்டால் பட்டன், முத்து எதுவும் வைக்காமல் வெறும் ரிப்பனில் செய்து கொடுங்கள். கழன்றால் வாய்க்குள்தான் போகும்.

இப்போது உங்கள் ஏஜென்ட். இந்த வியாபாரத்தில் கிளிப் ஒரு சாக்கு, விற்கப்படும் சரக்கு கிட்தான். நிற்காத பசையைக் கொடுத்து, காய நேரம் தராமல் கெடு வைத்து, பிறகு நிற்கவில்லை என்று திருப்பினால் கூலியும் தர வேண்டாம், டெபாசிட்டும் தர வேண்டாம். இதையே பேனா, ஊதுபத்தி, பாசி மணி என்று பேர் மாற்றி மாற்றி நடத்துகிறார்கள். உண்மையாக வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் வேறு ஒருவர் பணம் கட்டிவிட்டு வந்து நிற்கிறார், எனக்கே அலுத்துவிட்டது. போன் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்து ரசீதோடு புகார் பதியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காவல் நிலையத்தில் இது கொடுக்கல் வாங்கல் தகராறு என்று கைகழுவப் பார்ப்பார்கள். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும், காகிதம் எதுவும் ஏற்ற வேண்டாம். தேடினால் மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், ஆனால் காசு கேட்கும். முகவரி ஜி-ஓ-வி டாட் ஐ-என் என்று முடிகிறதா என்று பாருங்கள். இலவசச் சேவையின் பேரில் இத்தனை தளம் கல்லா கட்டுவதை அரசு ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஜி.எஸ்.டி.யில்தான் குழப்பம், நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம். முன்பெல்லாம் ஆன்லைன் தளம் வழியாக ஒரே ஒரு கிளிப் விற்றாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. தளத்தில் விற்றாலும், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பான் எண்ணைக் கொடுத்து ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். அதற்கும் கட்டணம் இல்லை. கவனியுங்கள், மாநிலத்துக்குள் மட்டும். கோயம்புத்தூருக்கு அனுப்பலாம், பாலக்காட்டுக்குக் கூடாது. கடலூருக்கு அனுப்பலாம், பக்கத்திலேயே இருக்கும் பாண்டிச்சேரிக்குக் கூடாது. அது ஒன்றியப் பிரதேசம், சட்டத்துக்கு வெளியூர்தான். எனவே தளத்தில் சேரும்போதே விற்பனையைத் தமிழ்நாட்டோடு நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தளமே வேண்டாம். இருபது ரூபாய் கிளிப் விற்கிறவரை இவ்வளவு படிக்க வைக்கிறார்கள், அந்த அலுப்பில்தான் ஜனம் ஏஜென்ட்டிடம் போகிறது.

அடுத்த சரக்கை மதுரைக்குப் போய் நீங்களே வாங்குங்கள். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் தையல் சாமான் விசாரியுங்கள்.

திரும்பி வந்த 200 கிளிப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பசையின் ஓரத்தில் பஞ்சால் ஸ்பிரிட் தடவி ஒரு நிமிடம் விட்டு நெம்பினால் உலோகத்திலிருந்து சுத்தமாகப் பெயர்ந்துவிடும். பக்கத்தில் மெழுகுவர்த்தி எரியக் கூடாது. பட்டனும் கிளிப்பும் அப்படியே மறுபடி உதவும், லேஸ் மட்டும் பாதி தேறும். முதலில் பத்து கிளிப்பை ஃபெல்ட் வைத்துத் தைத்து, எண்ணெய் தேய்த்த தலையில் ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.