தார் பின்பக்க ஷாக்: கம்ப்ரஷனைத் தொடாதீங்க

நண்பரே, உங்களுது 2 அங்குலம் லிஃப்ட் பண்ணின, அதாவது உயரத்தைக் கூட்டின, மஹிந்திரா தார் ஜீப். வரிவரியா மேடு விழுந்த மண் ரோட்ல முதல் மூணு நாலு மேடு சுகமா போகுது, அப்புறம் பின்பக்கம் இடிக்குது. கம்ப்ரஷனை, அதாவது ஷாக் அப்சார்பர் அமுங்குறதைத் தடுக்கிற தடையை, கூட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம், இன்னும் மோசமாகும்.

இது ரீபவுண்ட், அதாவது அமுங்கின ஷாக் திரும்ப நீளுறதைத் தடுக்கிற தடை, அதிகமா இருக்கிற கோளாறு. அமுங்கின ஷாக் முழுசா நீளுறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடுது. இப்படியே மேட்டுக்கு மேடு வண்டி கீழே இறங்கி, கடைசியில பம்ப் ஸ்டாப்ங்கிற ரப்பர் கட்டையில உட்காருது. வேகத்தைக் குறைச்சதும் சரியாயிடுதா? அப்போ சந்தேகமே இல்ல. ஆயில் சூடாகித் தளர்ந்தா இப்படி இடிக்காது. ரொம்ப நேரம் ஓட்டின பிறகு வண்டி தொட்டில் மாதிரி ஆடும்.

உங்க ஷாக் பிரிக்கிற மாதிரி மோனோட்யூப் (ஒரே குழாய்க்குள்ள ஆயிலும் நைட்ரஜனும் இருக்கிற வகை)ங்கிறது நல்லதாப் போச்சு. உள்ளே அழுத்தத்துல இருக்கிற நைட்ரஜனை முழுசா இறக்காம எதையும் கழற்றாதீங்க, உயிர் விஷயம். பிஸ்டன் நட்டை எடுத்ததும் முதல்ல வர்றது ரீபவுண்டைத் தீர்மானிக்கிற ஷிம் (மெல்லிய உலோக வளையம்) அடுக்கு. வரிசை மாறாம கம்பியில கோர்த்து, மைக்ரோமீட்டர்ல ஒவ்வொண்ணா அளந்து எழுதி வச்சுக்கோங்க. தடிமன் கொஞ்சம் மாறினாலும் விறைப்பு எக்கச்சக்கமா மாறும்: ஒரே விட்டத்துல 0.20 மி.மீ. ஷிம் ஒண்ணு, 0.15 ஷிம் ரெண்டை விடவும் விறைப்பு. அதனால ஒரே ஒரு 0.20-ஐ மட்டும் 0.15 ஆக்கி, ரெண்டு ஷாக்கும் ஒரே மாதிரி கட்டி, அதே ரோட்ல அதே டயர் காத்துல ஓட்டிப் பாருங்க. பத்தலைன்னா இன்னொண்ணு.

நைட்ரஜன் இல்ல, கம்ப்ரஸர் காத்தே போதும்னு கடைக்காரர் சொன்னா வண்டியைத் திருப்பிடுங்க. ஈரம் உள்ளே போயிடும்.