ரசீது மட்டும் போதுமா?

குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஜிபேயில் 3,000 ரூபாய் அனுப்பினேன். படம் பழையது என்று பிறகு தெரிந்தது. என் மேல்தான் தவறா?
– வாசகி, தஞ்சாவூர்

இல்லை அம்மா. தவறு முழுக்க உங்கள் இரக்கத்தைக் காசாக்கியவர்களுடையது. உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண்ணையும் அந்த மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். இனி இப்படி வந்தால் மருத்துவமனைக்கே போன் செய்து, நோயாளியின் பில்லுக்கு நேரடியாகக் கட்டலாமா என்று கேளுங்கள்.

முதியோர் இல்லத்துக்கு 10,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது இருக்கிறது. ஆனாலும் வரிக்கழிவு கிடையாது என்கிறார் ஆடிட்டர்.
– வாசகர், ஈரோடு

அவர் சொல்வது சரி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தரும் கழிவு இல்லை. கொடுக்கும் முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு தொண்டு நிறுவனம், ‘நூறு சதவீதமும் குழந்தைகளுக்கே’ என்கிறது. இன்னொன்று நிர்வாகச் செலவு 20 சதவீதம் என்கிறது. முதலாவதுதானே நல்லது?
– வாசகர், மதுரை

அவசரப்படாதீர்கள். வாடகை, சம்பளம், தணிக்கைக் கட்டணம் இல்லாமல் எந்த நிறுவனமும் நடக்காது. அதை வேறு யாராவது ஏற்றிருந்தால், யார் என்று கேளுங்கள். செலவை மறைக்காமல் சொன்னவர் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

என் கோபமெல்லாம் ஆண்டறிக்கைகள் மேல். பக்கத்துக்குப் பக்கம் குத்துவிளக்கு ஏற்றும் பிரமுகர்கள், சிரிக்கும் பிள்ளைகள். வரவு செலவு எங்கே? ஒரு பள்ளிக்கு மாதாமாதம் பணம் கட்டிவந்தேன். எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள் என்று எழுதிக் கேட்டேன். பதிலுக்கு இன்னொரு புகைப்படம் வந்தது. பணம் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடை, விலை, தேதி போட்டாக வேண்டும். நன்கொடை தருபவருக்கு அந்த அளவு விவரமாவது தர வேண்டாமா?

தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். போன வருடம் திட்டமிட்டதில் எது நடக்கவில்லை என்றும் கேளுங்கள். 80ஜி பதிவை வருமான வரித்துறைத் தளத்தில் பார்க்கலாம். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பெயர் இருப்பதும் நல்லதுதான். ஆனால் பதிவு வேறு, வேலையின் தரம் வேறு.

போன நிதியாண்டில் கொடுத்த நன்கொடைக்கு ஜூன் பிறந்தும், வரிக்கழிவு கேட்கத் தேவையான 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் வரவில்லை.
– வாசகி, கோவை

மே 31-க்குள் தந்திருக்க வேண்டும். பான் எண் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள். அப்புறம், நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது.