மரத்தின் வெட்டுமுகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தேக்கு என்று சொல்லிக் கொடுத்த பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. நிறமும் தேக்கைப் போலவே இருக்கிறது. நம்பலாமா?

நிறத்தை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். சாயமும் பாலிஷும் எந்த மரத்துக்கும் எந்த நிறத்தையும் கொடுத்துவிடும். சாயம் ஏறாத மரமும் வெளிச்சம் பட்டு நிறம் மாறும். மாறாமல் இருப்பது உள்ளமைப்புதான். அதைப் பலகையின் முகப்பில் தேடாதீர்கள். குறுக்காக அறுத்த தலைப்பக்கத்தில் தேடுங்கள்.

அறுத்த வாள் இழைகளைக் கசக்கி, மரத்தில் நீர் ஏறும் குழாய்களின் வாயான துளைகளை அடைத்திருக்கும். ஆகவே புதிய பிளேடால், விரல் நக அளவு இடத்தை ஒரே இழுப்பில் மெல்லியதாகச் சீவுங்கள். அழுத்த வேண்டாம். சீவிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, மரத்தை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். தேக்காக இருந்தால் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் மணி கோத்ததுபோல் வரிசையாக நிற்கும். அவற்றைச் சுற்றி வெளிர்நிறத் திசு ஒரு பட்டையாக ஓடும். வளையத்தின் முடிவை நோக்கிப் போகப் போகத் துளைகள் சிறுத்துவிடும். சில துளைகளுக்குள் நுரைபோல் மினுங்கும் அடைப்பு தெரியும், அது டைலோஸ். சிலவற்றில் வெண்படிவம் இருக்கும். சீவும்போது பழைய தோலின் வாசனையும், விரலில் எண்ணெய்ப் பசையும் தெரிந்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

வெப்பமண்டல மரங்கள் பெரும்பாலானவற்றில் துளைகள் வளையம் முழுவதும் சிதறியே கிடக்கும். அதனால்தான் இந்த வரிசைக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் எல்லாத் தேக்கிலும் அது ஒரே அளவு தெளிவாக இருக்காது. ஒரு வளையத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் நான்கைந்தைப் பாருங்கள்.

கேள்வி: செம்பழுப்பு மரமொன்றின் வெட்டுமுகத்தில் வெள்ளைப் புள்ளிகள் கோடாக இருக்கின்றன. பூச்சி அரித்ததா?

இல்லை, கவலை வேண்டாம். அவை பிசின் கால்வாய்கள். உள்ளே உறைந்த பிசின்தான் வெள்ளையாகத் தெரிகிறது. வளையத்துக்கு இணையாக நீண்ட கோடாக அவை அமைந்திருந்தால், சால் மரமும் மெராந்தியும் அடங்கிய ஷோரியா பேரினத்தை முதலில் நினையுங்கள். அதே குடும்பத்தின் டிப்டெரோகார்பஸ் பேரினத்தில் கால்வாய்கள் தனித்தனியாகவோ குட்டையான கோடுகளாகவோ சிதறியிருக்கும். ஓர் எச்சரிக்கை: காயம்பட்ட வேம்பு போன்ற மரங்களிலும் இத்தகைய கோடு உண்டாவதுண்டு. எனவே வேறு இரண்டு இடங்களிலும் சீவிப் பாருங்கள். காயத்தால் வந்த கோடு எல்லா இடத்திலும் திரும்ப வராது.

கேள்வி: தென்னம்பலகைக்கும் கதிர்கள் உண்டா?

மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகளான கதிர்கள் தென்னையில் கிடையாது. வளையமும் இல்லை. புள்ளி புள்ளியாகச் சிதறிய நாளக்கற்றைகள்தான் இருக்கும். அவை வெளிப்புறம் நெருங்கியும் உட்புறம் விலகியும் நிற்பதால் தென்னைக்கு வலிமை வெளியில் இருக்கிறது. புறத்தே காழ் (வைரம்) உடையதைப் புல் என்றும், அகத்தே காழ் உடையதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது இந்த வேறுபாட்டைக் கண்டுதான். எத்தனை கூர்மையான பார்வை!

கேள்வி: தண்ணீரில் மூழ்கினால் அது கருங்காலிதானே?

மூழ்குவது எடைக்குச் சான்று, இனத்துக்கு அல்ல. நாங்கு உட்பட நன்கு வைரம் பாய்ந்த பல மரங்கள் மூழ்கும். கருங்காலியின் துளைகள் மிகச் சிறியவை. கதிர்களைக் குறுக்கே வெட்டும் நுண்ணிய கோடுகள் நெருக்கமாக ஓடும். கறுப்பில் அவை மங்கிவிடுவதால் பழுப்புக் கீற்று உள்ள இடத்தில் தேடுங்கள். ஒருமுறை கருங்காலிக் கைத்தடி என்று என்னிடம் வந்ததன் அடிப்பக்கத்தைச் சீவினேன். இரண்டாவது சீவலிலேயே வெள்ளை மரம் வெளிப்பட்டது. கொண்டுவந்தவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: வேங்கைச் சிராயை ஊறவைத்த தண்ணீர் நீலமாகத் தெரிகிறதே, ஏன்?

மரத்திலிருந்து கரையும் பொருள் ஒளிர்வதால்தான். கறுப்புத் துணிமேல் வைத்துப் பக்கவாட்டிலிருந்து வெயில் படவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். இப்படி நீலமாய் ஒளிரும் மரச்சாற்றை 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பாயில் ஆராய்ந்தார். இந்தச் சோதனையோடு மட்டும் நிற்காமல், நடுவை நோக்கி அல்லாமல் வளையத்தை ஒட்டினாற்போல் அறுத்த முகப்பையும் பாருங்கள். காற்று மணலில் வரைந்ததுபோல் நெருக்கமான குறுக்கு வரிகள் தெரியும். கதிர்கள் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருப்பதால் வருபவை அவை. ஈட்டியிலும் இதே வரிகள் உண்டு. ஆகவே வரிகள் தேடலைச் சுருக்கும், முடிக்காது.

கேள்வி: ஈட்டி மரத்தின் படத்தை அனுப்பியிருக்கிறேன். எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியுமா?

முடியாது. லென்ஸ் பெரும்பாலும் பேரினம்வரைதான் கொண்டுபோய் விடும். நுண்ணோக்கியில் பார்க்க, பன்னாட்டு மர உடற்கூறியலாளர் சங்கம் 1989இல் 163 பண்புகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அதை வரிக்கு வரி நிரப்பினாலும் ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்தின் பல சிற்றினங்கள் ஒன்றோடொன்று கலந்தே நிற்கும். அறுத்த பலகையைக் கண்டு பிரிப்பது இவ்வளவு கடினம் என்பதும், 2017 ஜனவரி முதல் அந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டதற்கு ஒரு காரணம். சிற்றினம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் மரத்தின் வேதிப்பொருள்களைக் காட்டும் நிறைநிறமாலை அல்லது டிஎன்ஏ சோதனைக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் படத்தில் பளபளக்கும் முகப்பு மட்டுமே இருக்கிறது. தலைப்பக்கத்தைச் சீவி, ஈரம் தடவி, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து மீண்டும் எடுத்து அனுப்புங்கள். ஈட்டியின் பேரினம்தானா என்பதையாவது பார்த்துச் சொல்கிறேன்.