பால் மறக்கும் முன்னரே நாய்க்குட்டிகளை மனிதர்களோடு பழக்குவது எப்படி?

உங்கள் நாய் ஆறு குட்டிகளை ஈன்று பத்து நாட்கள் ஆகின்றன என்றும், அவற்றை எப்போதிலிருந்து தொட்டுத் தூக்கலாம், பால் மறப்பதற்குள் எவற்றையெல்லாம் பழக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை மூன்று ஈற்றுகளை வீட்டில் வைத்து வளர்த்திருக்கிறேன். முதல் ஈற்றில் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரங்களில் குட்டிகளுக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். மணம், தொடுகை, வெப்பம் ஆகிய மூன்றே அவற்றின் உலகம். ஆகையால் இந்த நாட்களில் உங்கள் வரவை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டியது தாய் நாய்தான். முதல் ஈற்றின்போது, பிறந்த மூன்றாம் நாளே தெரிந்தவர்களையெல்லாம் அழைத்துக் குட்டிகளைக் காட்டினேன். அன்றிரவு தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போய் அலமாரிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டது. இரண்டு குட்டிகள் குளிர்ந்து போயிருந்தன. பிறந்த குட்டிக்கு நடுங்கித் தன் உடலைச் சூடாக்கிக்கொள்ளும் திறன் கிடையாது என்பதால், முதல் வாரத்தில் அது படுக்கும் இடம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்துபோன குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் ஊட்டிவிடாதீர்கள். அந்த நிலையில் அதற்குப் பால் செரிக்காது. முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

தொடுவதற்குச் சிறந்த காரணம் எடை பார்ப்பதுதான். கையைக் கழுவித் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தாயின் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு குட்டியையும் கிராம் காட்டும் சமையலறைத் தராசில் ஒரு துணி விரித்து எடை போடுங்கள். ஏழு முதல் பத்து நாட்களில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். எடை ஏறாமல் நிற்கும் குட்டியை அன்றே கவனிக்க வேண்டும். நகம் வெட்டுவதையும் இப்போதே தொடங்குங்கள். குட்டிகள் பால் குடிக்கும்போது முன்கால்களால் மடியை அழுத்திக் கொடுப்பதால், கூரிய நகம் தாயைக் கீறிவிடும். இந்த ஓரிரு நிமிடக் கையாளலே இரண்டு வாரங்களுக்குப் போதும். மூன்றாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை குட்டியைத் தலைகீழாகவும் மல்லாந்தும் சில நொடிகள் பிடிக்கச் சொல்லும் பயிற்சிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள்; நான் செய்து பார்த்தேன், தினமும் எடை மட்டும் பார்த்த குட்டிகளுக்கும் இவற்றுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

மூன்றாம் வாரத்தில் எல்லாம் மாறிவிடும். கண் திறந்து சில நாட்களில் காதும் திறக்கும். தள்ளாடி நான்கு காலில் நிற்கும். தாய் நக்கித் தூண்டாமல் தானாகவே சிறுநீர் கழிக்கத் தொடங்கும். படுக்கைக்கு எதிர் மூலையில் செய்தித்தாளைப் பரப்பிவிட்டால் அவை தாமாகவே அங்கே தள்ளாடிப் போவதைப் பார்ப்பீர்கள்.

ஓசைகளுக்கும் இதுவே பருவம். இரண்டாம் ஈற்றில், ஒரு நாள் பாத்திரத்தின் மூடி என் கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. நான்கு குட்டிகள் திடுக்கிட்டன. மூடி உருண்டு நிற்பதற்குள்ளேயே மீண்டும் ஒன்றன் காதை ஒன்று கடிக்கத் தொடங்கிவிட்டன. நெற்றியில் வெள்ளைக் கோடு கொண்ட ஐந்தாவது குட்டி மட்டும் வயிறு தரையில் பட மூலையில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் அசையவே இல்லை. திடுக்கிடுவது இயல்பு; எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன். மறுநாள் முதல் அதே மூடியை அடுத்த அறையில் மெல்லத் தட்டி, நாளுக்கு நாள் சற்றுச் சற்றாக அருகே கொண்டுவந்தேன். குட்டி பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் ஓசை எழுப்பவில்லை. அந்த நேரம் அதற்கு நிம்மதியாகவே இருக்கட்டும்.

மூன்று முதல் ஐந்து வாரம் வரையிலான காலம் விலைமதிப்பற்றது. புதியவர்களைக் கண்டால் குட்டிகள் தயங்காமல் தாமாக வந்து முகரும். ஐந்தாம் வாரத்திற்குப் பின் அச்சம் மெல்லத் தலைதூக்கும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்கு வாரங்கள் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகளைப் பின்னர் பழக்குவது மிகக் கடினமாக இருந்தது.

இதில் எளிதில் நேரும் தவறு ஒன்று உண்டு. துணிச்சலான குட்டி தானே மடிமேல் ஏறிக்கொள்ளும். கூச்சமுள்ளது பின்னால் படுத்துறங்கும். எல்லாவற்றையும் கொஞ்சியதாக நினைத்துக்கொள்வோம், உண்மையில் இரண்டைத்தான் கொஞ்சியிருப்போம். நான் வெவ்வேறு நிறக் கம்பளி நூலைக் கழுத்தில் தளர்வாகக் கட்டி, நோட்டில் குறித்துக்கொண்டேன் (கழுத்து பருத்துக்கொண்டே போவதால் நூலைத் தினமும் தளர்த்த வேண்டும்). ஒவ்வொன்றையும் உடன்பிறந்தவற்றிடமிருந்து பிரித்து, நாளுக்கு மூன்று நான்கு நிமிடங்கள் தனியே மடியில் வைத்துக் காது, வாய், பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். முனகல் நின்று உடல் தளர்ந்ததும் திரும்ப விடுங்கள். குழந்தை, முதியவர், தாடி வைத்தவர், கண்ணாடி அணிந்தவர் எனப் பலரும் வரட்டும். ஆனால் ஒரே நாளில் அல்ல, ஓரிருவராக. காலணியை வெளியே விட்டுக் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும், ஏனெனில் குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்தே தேவை. அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

குட்டிகளுக்குப் பல் முளைத்த பின், பால் குடிக்க வந்தால் தாய் எழுந்து விலகும், சில நேரம் உறுமும். அதைக் கண்டிக்காதீர்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை அவை தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான் கற்கின்றன; எட்டு வாரத்திற்கு முன் குட்டியைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். குட்டிகளால் ஏற முடியாத உயரத்தில் தாய்க்கு ஒரு மேடை மட்டும் அமைத்துக் கொடுங்கள்.

ஆக, பத்தாம் நாளான இன்று உங்களுக்கு வேண்டியவை ஒரு தராசும், ஒரு நோட்டும், ஆறு நிறங்களில் கம்பளி நூலும்தான். பார்க்க வருகிறோம் என்பவர்களிடம் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லிவிடுங்கள்.