வீட்டிலேயே பாட்டு செய்யலாம்: லூப், சுருதி, உரிமை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

வீட்டில் கணினியை வைத்துப் பாட்டு செய்வது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, கையில் பழைய விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது. காசு செலவழிக்க வழியில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடும் சின்ன ஒலித் துண்டு) அடுக்கவும் கீபோர்டு ஒலிகளில் வாசிக்கவும் எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் போதும். முழுக்க இலவசம், பழைய கணினியிலும் ஓடும். குரல் பதிவு செய்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் செய்ய வேண்டுமென்றால் பேண்ட்லேப்: பிரவுசரிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

எஃப்எல் ஸ்டூடியோ என்ற காசு கட்டி வாங்கும் மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் வேலையைச் சேமிக்கலாம், பாட்டாக வெளியே எடுக்கலாம். ஆனால் சேமித்ததை மறுபடி திறந்து வேலை செய்ய, காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதனால் ஒரே உட்காரலில் முடிகிற சின்ன வேலைக்குத்தான் அது சரிப்படும். கிராக் பதிப்பு வேண்டவே வேண்டாம். அதோடு வைரஸும் சேர்ந்து வந்தால் உங்கள் பாட்டுக் கோப்புகளும் போய்விடும்.

கேள்வி: யாரோ செய்த லூப்பை அடுக்கி வைத்தால் அது என் இசை ஆகுமா? நண்பர்கள் ஏளனம் செய்கிறார்கள்.

ஆகும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

வேறு வேறு வேகத்தில் இருக்கும் துண்டுகளைத் தானாகவே ஒரே டெம்போவுக்கும் சுருதிக்கும் கொண்டுவருவதை 1998-ல் வந்த ஆசிட் என்ற மென்பொருள் எளிதாக்கியது. 2004-ல் ஆப்பிளின் கராஜ்பேண்ட் அதை சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்தது. வாத்தியம் வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர் முதல் பாட்டைச் செய்தது இப்படித்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே லூப் உலகம் முழுக்க எத்தனையோ பேர் கணினியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நான் செய்வது இதுதான். முதலில் ஒரு தாள லூப்பைப் போட்டு, அதன்மேல் பாடியோ வாசித்தோ பாட்டின் உருவத்தைப் பிடிக்கிறேன். உருவம் வந்ததும் அந்த லூப்பை மியூட் செய்துவிட்டு, அதன் இடத்தில் என் கையால் அடித்த ஏதாவது ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். மேசையில் தட்டியதாக இருக்கலாம், எவர்சில்வர் குடமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தம்பியின் கஞ்சிராவாக இருக்கலாம். பாட்டில் ஒரு ஒலியாவது வேறு யார் கணினியிலும் இல்லாததாக இருக்கட்டும். கேட்பவர் காது அதைத்தான் முதலில் பிடிக்கும்.

கேள்வி: எனக்கு ஐந்தரைக் கட்டை. எந்த லூப் போட்டாலும் பாட்டு ஒட்டவே மாட்டேன் என்கிறது. மோகனத்தில் ஒரு தாலாட்டு செய்யப் பார்க்கிறேன்.

அக்கா, இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது சுருதி. 1 கட்டை என்பது கீபோர்டில் ‘சி’. 2 ‘டி’, 3 ‘இ’, 4 ‘எஃப்’, 5 ‘ஜி’, 6 ‘ஏ’, 7 ‘பி’. உங்கள் ஐந்தரை ‘ஜி ஷார்ப்’. லூப்பின் பெயரிலேயே அதன் சுருதி பெரும்பாலும் எழுதியிருக்கும். ‘ஜி’ அல்லது ‘ஏ’ என்று இருப்பதை எடுத்து அரை சுரம் நகர்த்தினால் ஒலி கெடாது. ‘டி’-யில் இருப்பதை ஆறு அரைச் சுரம் நகர்த்தினால் ஒலி கரகரத்துப் போகும். கராஜ்பேண்ட் வைத்திருந்தால் பச்சை நிற லூப்களைத் தேடுங்கள். அவை மிடி. அதாவது அவற்றில் பதிவான ஒலி கிடையாது, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும்தான். எவ்வளவு நகர்த்தினாலும் கெடாது, வாத்தியத்தையும் மாற்றலாம். நீல நிறம் பதிவு செய்த ஒலி.

இரண்டாவது சிக்கல் ராகம். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. மேஜர் என்று போட்டிருக்கும் கிட்டார், பியானோ லூப்களில் பெரும்பாலும் இரண்டும் வரும். நீங்கள் சரியாகப் பாடினாலும் பின்னால் மத்யமம் ஒலித்தால் மோகனம் கலைந்துவிடும். சங்கராபரணத்துக்கு மேஜர் லூப்பும், நடபைரவிக்கு மைனர் லூப்பும் ஓரளவு உட்காரும். மாயாமாளவகௌளைக்குத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் தாலாட்டுக்கு என் யோசனை: தம்புரா அல்லது ஸ ப மட்டும் நீளமாக ஒலிக்கும் ஒரு பேட் (கீபோர்டில் வரும் மென்மையான பின்னணி ஒலி), மெல்லிய தாளம், அதற்கு மேல் உங்கள் குரல். தாலாட்டுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கேள்வி: மிஸ்ர சாப்பு தாளத்தில் (ஏழு எண்ணிக்கை) ஒரு பாட்டு. லூப் எல்லாம் நாலு நாலாக ஓடுகிறது. என்ன செய்வது?

புராஜெக்ட்டின் தாள அமைப்பை 7/8 என்று மாற்றிவிட்டு, லூப்பின் நாலு எண்ணிக்கையை அரை அரையாக எட்டாக எண்ணி, ஏழாவது முடியும் இடத்தில் வெட்டுங்கள். தகிட தகதிமி என்று சொல்லிப் பார்த்தால் வெட்டும் இடம் தெரிந்துவிடும். வெட்டாமல் அப்படியே ஓடவிட்டும் பார்க்கலாம்: நாலு எண்ணிக்கை நீளமுள்ள 4/4 லூப் ஏழு சுற்று ஓடும்போது உங்கள் 7/8 எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஆகி, இரண்டும் ஒன்றாகச் சமத்தில் வந்து விழும். தெரிந்து செய்தால் அழகாக இருக்கும். மூன்று மூன்றாக ஓடும் திஸ்ர நடைக்கு 6/8 அல்லது 12/8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பறையைப் பதிவு செய்து சொந்த லூப் செய்ய ஆசை. போனில் எடுத்தால் ஒரே இரைச்சல்.

இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன். விற்கிற லூப் தொகுப்புகளில் நம் தோல்கருவிகள் போதுமான அளவு இல்லை. இருப்பதிலும் பாதி வேறு எதையோ அடித்தது போல இருக்கும்.

இரைச்சலுக்குக் காரணம், ஒலி மைக்கின் எல்லையைத் தாண்டுவது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், தோலுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. அறைக்குள் வேண்டாம், சுவர் எதிரொலி அடியோடு சேர்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. விடிகாலையில் திறந்த வெளி நல்லது. அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் பறையைத் தீயில் காய்ச்சிய பிறகு நேரம் போகப் போக ஒலி இறங்கும். ஆகவே ஒரே லூப்புக்கான அடிகளை எல்லாம் காய்ச்சிய சூட்டோடு எடுத்து முடியுங்கள். இல்லாவிட்டால் முதல் துண்டும் கடைசித் துண்டும் வேறு வேறு பறை போலக் கேட்கும்.

அடிப்பவர் ஒரு காதில் மட்டும் க்ளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி) கேட்கட்டும். பதினாறு ஆவர்த்தனம் எடுத்து, அதில் உயிரோடு இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். வெட்டும்போது தொடக்கம் முதல் அடியில் சரியாக விழ வேண்டும். கடைசி அடியின் கார்வை (அடித்த பின் நீளும் ஒலி) வெட்டுப்பட்டால், அந்த வாலை எடுத்து லூப்பின் தொடக்கத்தில் இன்னொரு டிராக்கில் கலந்து வையுங்கள். சுற்றும்போது இணைப்பே தெரியாது. எல்லா அடியையும் கோட்டில் இழுத்து நிறுத்தும் க்வாண்டைஸ் மட்டும் வேண்டாம். பறையின் நடை அந்தச் சின்ன முந்தல் பிந்தலில்தான் இருக்கிறது.

அப்புறம், வாசித்தவர் அனுமதியில்லாமல் அந்த லூப்பை யாருக்கும் தராதீர்கள். பாட்டில் அவர் பெயரைப் போடுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள்.

கேள்வி: பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது.

ப்ளூடூத் ஹெட்போன் என்றால் கழற்றி வையுங்கள், வயர் உள்ளது போடுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு சரியாகிவிடும். மீதிப் பேர் பஃபர் அளவை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) குறைக்க வேண்டும்: 48,000 ஹெர்ட்ஸில் 1024 என்றால் ஒரு வழிக்கே 21 மில்லி விநாடி, 128 என்றால் மூன்றுக்கும் கீழே. விண்டோஸில் ஆசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் சின்ன மென்பொருள்) இருந்தால் நல்லது. மிக்ஸ் செய்யும்போது பஃபரைத் திரும்பக் கூட்டிவிடுங்கள், கணினி திணறாது.

கேள்வி: பழைய சினிமாப் பாட்டிலிருந்து நாலு விநாடி மட்டும் எடுத்து லூப் செய்தேன். ஏழு விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்கிறார்களே?

அப்படி ஒரு விதி இல்லை. ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமை இருக்கிறது: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, மெட்டுக்கு அதைச் செய்தவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு. வெட்டி எடுத்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனையை நீங்கள் தாராளமாகப் பாடலாம். ஆனால் அதை ஒரு வித்வான் பாடிய இசைத்தட்டை வெட்டி ஒட்டுவது வேறு விஷயம்.

இலவச ஒலிகளுக்கு பார்சிலோனாப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2005-ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் என்ற இணையதளம் நல்ல இடம். அங்கேயும் ஒவ்வொன்றின் உரிமத்தையும் படியுங்கள். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம்: சிசி ஜீரோ என்றால் தடை இல்லை, சிசி பை என்றால் பெயர் குறிப்பிட வேண்டும், என்சி என்று இருந்தால் காசுக்கு விற்கும் பாட்டில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: உரிமம் உள்ள லூப்தான் போட்டேன். ஆனாலும் யூடியூப்பில் உரிமை கோரல் வந்துவிட்டது.

அதே லூப்பைப் போட்ட வேறொருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் (யூடியூப் ஒலிகளைத் தானாக ஒப்பிடும் கருவி) பதிவு செய்திருப்பார். அந்தக் கருவிக்கு ஒலி ஒன்றாக இருப்பது மட்டும்தான் தெரியும். ஆட்சேபம் தெரிவித்து, லூப்பின் உரிம வாசகத்தை எழுதுங்கள். எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஒவ்வொரு லூப்பையும் இறக்கும் அன்றே உரிமப் பக்கத்தைத் தேதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது. பொது லூப் உள்ள பாட்டை நீங்களும் கன்டென்ட் ஐடியில் போடாதீர்கள், இன்னொருவருக்கு இதே தொல்லை போகும்.

கேள்வி: நான் யாழ்ப்பாணம், தோழி டொராண்டோவில். சேர்ந்து ஒரு பாட்டு செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். இருவரும் ஒரே மென்பொருள் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில், எல்லாமே பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும்படி எடுங்கள். குரல் இரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும் அதற்கு முன்னால் உள்ள மௌனத்தோடு சேர்த்தே எடுங்கள். அவர் தன் கணினியில் இடது ஓரத்தில் வைத்தாலே எல்லாம் சரியாக உட்கார்ந்துவிடும். எக்கோ, ரிவெர்ப் போடாத குரலை அனுப்புங்கள். கோப்பின் பெயரில் டெம்போவும் கட்டையும் இருக்கட்டும். வாட்ஸப்பில் என்றால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். யார் என்ன செய்தோம், பாட்டை எங்கே போடுவோம், வருவதை எப்படிப் பிரிப்போம் என்று ஆரம்பத்திலேயே ஒரு பத்தி எழுதி, இருவரும் சரி என்று பதில் போட்டுக்கொள்ளுங்கள்.